கணக்குப் பிரிவில் தவறும் பயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடிட்டர் ஆபீஸிலும் கம்பெனி அக்கவுண்ட்ஸ் பிரிவிலும் இருப்பவர்கள், மாதாமாதம் 11ஆம் தேதியும் (விற்பனை விவரம் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-1க்குக் கடைசி நாள்) 20ஆம் தேதியும் (வரியைக் கணக்குக் காட்டிக் கட்டும் 3பி ரிட்டர்னுக்குக் கடைசி நாள்) நெருங்கும்போது கேட்கிற சந்தேகங்களை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். ஜி.எஸ்.டி. தேதிகள் மாத ரிட்டர்ன் போடுபவர்களுக்கானவை. காலாண்டுத் திட்டத்தில் இருப்பவர்களுக்குத் தேதி மட்டும்தான் மாறும், பயம் அதேதான்.

தப்பே இல்லாம வேலை செய்யணும்னு நினைக்கிறது ஒரு குறையா? எங்க வேலையே அதுதானே?

குறையே இல்லை. ஒரு ரூபாய் உதைத்தாலும் ஏன் என்று தேடுகிற புத்தி இல்லாதவர் இந்தத் தொழிலில் தேறமாட்டார். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ராண்டி ஃப்ராஸ்டும் உடன் பணியாற்றியவர்களும் 1990இல் இதை அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். அதில் உயர்ந்த தரம் வைத்துக்கொள்வது ஒரு தலைப்பு. தவறு நேர்ந்துவிடுமோ என்ற கவலை இன்னொரு தலைப்பு. செய்து முடித்ததைப் பற்றித் தீராத சந்தேகம் வேறொரு தலைப்பு. மூன்றும் வேறு வேறு லெட்ஜர்கள். மன உளைச்சலோடு ஒட்டி வருபவை பெரும்பாலும் பின்னிரண்டும்தான்.

ஆகவே தரத்தைக் குறைத்துக்கொள்ளும்படி இங்கே யாரும் சொல்லப்போவதில்லை. கவலையும் சந்தேகமும் வேலை நேரத்தை எங்கே தின்கின்றன, அதை எப்படி நிறுத்துவது என்பதுதான் பேச்சு.

எனக்கு இருக்கிறது கவனமா பயமா? எப்படித் தெரிஞ்சுக்கிறது?

கவனம் ஆபத்து இருக்கிற இடத்துக்குப் போகும். பயம் எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி போகும். ஐம்பது லட்ச ரூபாய் ஆர்.டி.ஜி.எஸ். சலானுக்கும், சக ஊழியருக்கு அனுப்புகிற இரண்டு வரி மெயிலுக்கும் ஒரே அளவு நேரம் செலவழித்தால் அது கவனமல்ல.

இன்னும் சில அடையாளங்கள் உண்டு. 7ஆம் தேதியே தயாராகிவிட்ட ரிட்டர்னை "இன்னொரு தடவை பார்த்துக்கலாம்" என்று 11ஆம் தேதி இரவு வரை வைத்திருப்பது. ஜி.எஸ்.டி. போர்ட்டல் திணறுவதும் சரியாக அன்றைக்குத்தான். சந்தேகம் கேட்டால் தெரியாதவன் என்று நினைப்பார்களோ என்று கேட்காமலே ஊகித்துப் போட்டுவிடுவது. புதிதாக வந்தவர் போட்ட வவுச்சரின் நரேஷனை (விளக்கக் குறிப்பை), தொகை சரியாக இருந்தும், தன் பாணிக்கு மாற்றி எழுதுவது. இவற்றில் இரண்டு மாதாமாதம் நடக்கிறதென்றால் மேலே படியுங்கள்.

எத்தனை தடவை சரிபார்த்தா போதும்?

இரண்டு தடவை. ஆனால் இரண்டும் வேறு வேறு வழியில். ஒரே பட்டியலை ஒரே திசையில் ஐந்து தடவை பார்ப்பதை ஒரு தடவை பார்த்ததாகத்தான் கொள்ளவேண்டும். முதல் தடவை கண் ஏமாந்த அதே இடத்தில் மற்ற நான்கு தடவையும் ஏமாறும்.

ஐந்தாவது தடவைக்குப் பிறகு நிம்மதி வருவதற்குப் பதிலாகச் சந்தேகம்தான் கூடும். நெதர்லாந்தைச் சேர்ந்த மார்செல் வான் டென் ஹவுட், மெரல் கிண்ட் இருவரும் 2003இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பைப் பலமுறை அணைத்துச் சரிபார்க்கச் சொன்னார்கள். திரும்பத் திரும்பச் சரிபார்த்தவர்களின் நினைவு பிசகவில்லை, ஆனால் மங்கிப்போனது. தன் நினைவின் மீதே அவர்களுக்கு நம்பிக்கை குறைந்தது. "பார்த்தேனா இல்லையா" என்ற சந்தேகம் அதிகமாகப் பார்த்ததால் வருவது. அதற்கு மருந்தாக இன்னொரு தடவை பார்ப்பது உப்புத் தண்ணீர் குடித்துத் தாகம் தீர்க்கிற கதை.

ஜி.எஸ்.டி.ஆர்-1க்கு எப்படி என்று பார்ப்போம். முதல் வழி, டேலி கணக்கு மென்பொருளில் இருக்கிற விற்பனைப் பதிவேட்டின் மொத்த மதிப்பும் வரியும் போர்ட்டல் சுருக்கத்தோடு ஒத்துப்போகின்றனவா என்பது. இரண்டாவது வழிக்குத் தொகையைத் தொடவே வேண்டாம். முதல் பில் எண், கடைசி பில் எண், நடுவில் ரத்தானவை எத்தனை, மீதி எண்ணிக்கை ஏற்றிய பில்களோடு ஒக்கிறதா என்று பாருங்கள். கூடவே, பெரிய தொகை பில்கள் ஐந்தை எடுத்து ஜி.எஸ்.டி. எண்ணை வாய்விட்டுப் படியுங்கள். பிறகு ஒர்க்கிங் பேப்பரில் கையெழுத்தையும் நேரத்தையும் போட்டு ஃபைலை மூடுங்கள். "4.40க்கு முடித்தேன்" என்று எழுதியிருந்தால், 6 மணிக்குச் சந்தேகம் வரும்போது ரிட்டர்னைத் திறக்க வேண்டியதில்லை, அந்தத் தாளைப் பார்த்தால் போதும்.

எல்லாத்தையும் ஒரே மாதிரி பார்க்கக் கூடாதுன்னா, எதை விடலாம்?

ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் தவறு வந்தால் திருத்த முடியுமா, எவ்வளவு செலவில்? தொகை எவ்வளவு பெரியது என்பது அதற்கு அடுத்த கேள்வி.

திரும்பாதவை ஒரு வகை. வெளியே போகிற பணம், 3பி-யின் ஃபைல் பட்டன், டிஜிட்டல் கையெழுத்து, லோனுக்காக வங்கிக்குக் கொடுக்கிற ஸ்டாக் ஸ்டேட்மென்ட் எல்லாம் இதில் வரும். திரும்பும், ஆனால் அலைச்சல் உண்டு என்பது அடுத்த வகை. ஜி.எஸ்.டி.ஆர்-1, டி.டி.எஸ். ரிட்டர்ன் இரண்டும் இதில் சேரும். இ-இன்வாய்ஸும் இ-வே பில்லும்கூட இங்கேதான். இரண்டையும் போட்ட 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்ய முடியும் என்பதால், அந்த 24 மணி நேரம் தாண்டுவதற்குள் ஒரு பார்வை பார்த்தால் போதும். மூன்றாவது வகை வீட்டுக்குள்ளேயே இருப்பவை: நரேஷனின் நடை, லெட்ஜர் பெயரில் பெரிய எழுத்தா சின்ன எழுத்தா, எக்செலில் எந்தக் கலர், உள்மெயிலின் தொடக்கம்.

சரிபார்க்க ஒரு மணி நேரம் இருந்தால் முதல் வகைக்கு 40 நிமிடம், இரண்டாவதற்கு 15, மூன்றாவதற்கு மிச்சமிருக்கிற 5. பெரும்பாலான மேஜைகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. பார்டர் போட்டு முடிக்கும்போது மணி ஏழரை ஆகியிருக்கும், பேங்க் அப்லோடு ஃபைலை அவசரமாகத் தள்ளுவார்கள். தவறு நுழைவது அந்த அவசரத்தில்தான்.

பேங்க் ரீகான்சிலேஷன்ல 180 ரூபாய் உதைக்குது. கண்டுபிடிக்காம என்னால வீட்டுக்குப் போக முடியல.

நம் கணக்கையும் வங்கி ஸ்டேட்மென்ட்டையும் ஒப்பிடும்போது வருகிற வித்தியாசத்தைத் தேடுங்கள், ஆனால் கடிகாரத்தைப் பார்த்துத் தேடுங்கள். முதலில் 180 என்ற அதே தொகை எங்காவது விட்டுப்போயிருக்கிறதா பாருங்கள். அடுத்து அதில் பாதி, அதாவது 90 ரூபாய், பற்றில் போக வேண்டியது வரவில் போயிருக்கிறதா பாருங்கள். பிறகு 9ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 5,643 என்பதை 5,463 என்று அடித்திருந்தால் வித்தியாசம் சரியாக 180. ஒரு சைபர் கூடியோ குறைந்தோ போனாலும் வித்தியாசம் 9ஆல் வகுபடும். 4,500ஐ 450 என்று போட்டால் வருவது 4,050. வித்தியாசம் 59, 118, 236 என்று வந்தால் யோசிக்கவே வேண்டாம். அது 50, 100, 200 ரூபாய் வங்கிக் கட்டணமும் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும்.

இத்தனைக்கும் 20 நிமிடம் கொடுங்கள். கிடைக்காவிட்டால், எந்தத் தேதி வரை ஒத்துப்போகிறது என்று பென்சிலில் குறித்துவிட்டு எழுந்திருங்கள். காலையில் வேறொருவரை உட்காரவைத்து நீங்கள் படிக்க அவர் டிக் அடித்தால் அநேகமாகப் பத்து நிமிடத்தில் அகப்படும். 180 ரூபாயை, காரணம் தெரியாத தொகைகளைத் தற்காலிகமாக வைக்கிற சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளி முடித்துவிடுவதை மட்டும் செய்யாதீர்கள். உள்ளே 18,180 ரூபாய்க்கு ஒன்றும் 18,000 ரூபாய்க்கு எதிர்த்திசையில் ஒன்றுமாக இரண்டு தவறுகள் ஒளிந்திருக்கலாம். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் ரவுண்ட் ஆஃப் சங்கதி வேறு. அதற்கென்று ஒரு லெட்ஜர் இருக்கிறது, அதற்கு அனுப்பிவிட்டு மறந்துவிடுங்கள்.

பெரிய தப்பு பண்ணிட்டேன்னு இப்பதான் தெரிஞ்சது. கை நடுங்குது. முதல்ல என்ன பண்ணணும்?

மவுஸிலிருந்து கையை எடுங்கள். ஒரு தவறைப் பெரிதாக்குவது பெரும்பாலும் அடுத்த ஐந்து நிமிடத்தில் பதற்றத்தோடு செய்கிற திருத்தம்தான். வவுச்சரை அழிப்பது, அரைகுறையாக இன்னொரு சலான் கட்டுவது, பார்ட்டிக்கு அவசர மெயில் அனுப்புவது, இவை எதுவும் வேண்டாம்.

இப்போது திரையில் இருப்பதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்: என்ன நடந்தது, எவ்வளவு தொகை, இது இன்னும் ஆபீஸுக்குள் இருக்கிறதா வெளியே போய்விட்டதா. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து அந்த மூன்று வரியைத் திரும்பப் படியுங்கள். பதற்றத்தில் தெரிந்த அளவை விடத் தாளில் தொகை சிறியதாக இருப்பது சகஜம். வெளியே போய்விட்டது பணம் என்றால் மட்டும் தண்ணீருக்குக்கூட நிற்காதீர்கள். அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

சார்கிட்ட எப்படிச் சொல்றது? வார்த்தையே வரமாட்டேங்குது.

மேலே எழுதிய மூன்று வரிதான் வார்த்தை. அதோடு இரண்டைச் சேர்க்க வேண்டும்: திருத்த என்ன வழி, அதற்கு அவர் என்ன செய்ய வேண்டும். இந்த அளவில் இருந்தால் போதும்:

"சார், செப்டம்பர் ஜி.எஸ்.டி.ஆர்-1ல ஒரு பில் விட்டுப்போயிருக்கு. பில் நம்பர் 212, வரி 18,000 ரூபாய். 3பி இன்னும் போடல, அதனால 1ஏ திருத்த ஃபார்ம்ல இன்னைக்கே சேர்த்துடலாம். ட்ராஃப்ட் ரெடியா இருக்கு, நீங்க பார்த்துட்டா ஃபைல் பண்ணிடறேன். எப்படி விட்டுப்போச்சுன்னு பார்த்துட்டுச் சாயங்காலம் சொல்றேன்."

மன்னிப்பு ஒரு தடவை கேட்டால் போதும், அதுவும் கடைசியில். நான்கு தடவை கேட்டால் அவர் வேலையை விட்டுவிட்டு உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும், அல்லது எரிச்சலடைவார். "சின்ன மிஸ்டேக்தான் சார்" என்று தொடங்காதீர்கள். சின்னதா பெரியதா என்பது தொகையைக் கேட்டவுடன் அவருக்கே தெரியும். யார் மீதும் பழி போடாதீர்கள். டேட்டா தாமதமாக வந்ததுதான் காரணம் என்றால் அதைச் சாயங்காலப் பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் எல்லார் முன்னாடியும் கத்துவாரு. தெரிஞ்சும் எப்படிப் போய்ச் சொல்றது?

கத்துகிற மேலாளரிடம் தவறுகள் குறைவதில்லை, தவறுகளின் செய்திதான் குறைகிறது. ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேர்கிற பிழைகளை ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார். நன்றாக நடத்தப்படுகிற குழுக்களில்தான் பிழை எண்ணிக்கை அதிகமாகப் பதிவாகியிருந்தது. அங்கே பயமில்லாமல் சொன்னார்கள், மற்ற இடங்களில் மூடி மறைத்தார்கள். இது உங்கள் சாருக்கான பாடம். அவர் படிப்பார் என்று நாங்கள் பந்தயம் கட்டவில்லை.

உங்கள் பக்கத்திலிருந்து செய்யக்கூடியவை உண்டு. காலையில் முதல் வேலையாக, பார்ட்டிகள் வந்து உட்காருவதற்கு முன், அவர் தனியாக இருக்கும்போது சொல்லுங்கள். முன்னதாக வாட்ஸப்பில் அந்த ஐந்து வரியை அனுப்பிவிடுங்கள். கோபத்தின் முதல் அலை நீங்கள் எதிரில் இல்லாதபோதே போய்விடும், நீங்கள் எப்போது சொன்னீர்கள் என்பதற்கும் பதிவு இருக்கும். தள்ளிப்போடுவதற்கு விலையும் உண்டு. ஒரு லட்ச ரூபாய் வரி குறைவாகக் கட்டியிருந்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டியில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 49 ரூபாய், 20 நாளைக்கு 986 ரூபாய். மூன்றாம் நாள் சொன்னால் "148 ரூபாய் வட்டி சார்". ஆறு மாதம் கழித்து வேறொருவர் கண்டுபிடித்தால் வட்டி ஒன்பதாயிரத்துக்குப் பக்கம். அதைவிட, "தெரிந்தே சொல்லவில்லை" என்ற பெயர்தான் கஷ்டம்.

3பி போட்டாச்சு. இப்பதான் தப்பு தெரியுது. ரிவைஸ் பண்ண முடியாதாமே, வேலை போயிடுமா?

போட்ட 3பி-யைத் திருப்பி எடுக்க முடியாது என்பது சரி. அதற்காக அந்தத் தவறையே திருத்த முடியாது என்று ஆகிவிடாது. விட்டுப்போன விற்பனையை அடுத்த மாத ரிட்டர்னில் சேர்த்து வட்டியோடு கட்டலாம். எடுக்காமல் விட்ட கிரெடிட்டை (வாங்கியவற்றுக்குக் கட்டிய வரிக்கான கழிவை), அந்த நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30 வரை, அல்லது வருடாந்திர ரிட்டர்ன் போடும் வரை, எது முந்தியதோ அதுவரை எடுக்கலாம். தவறாக எடுத்த கிரெடிட்டை லெட்ஜரில் அப்படியே வைத்திருந்து, பயன்படுத்துவதற்கு முன் திருப்பிவிட்டால் வட்டியும் கிடையாது. பணத்தை சி.ஜி.எஸ்.டி. தலைப்புக்குப் பதில் ஐ.ஜி.எஸ்.டி.யில் கட்டி, அது இன்னும் கேஷ் லெட்ஜரிலேயே இருந்தால், பி.எம்.டி-09 படிவத்தில் இடம் மாற்றலாம்.

ஜி.எஸ்.டி.ஆர்-1இல் தவறு என்றால் இன்னும் எளிது. 2024 ஆகஸ்டிலிருந்து ஜி.எஸ்.டி.ஆர்-1ஏ இருக்கிறது. அதே மாத 3பி போடுவதற்கு முன் அதில் சேர்க்கலாம், மாற்றலாம். வாங்குபவரின் ஜி.எஸ்.டி. எண்ணே தவறாகிவிட்டால் மட்டும் 1ஏ உதவாது. அடுத்த மாத ஜி.எஸ்.டி.ஆர்-1இன் திருத்த அட்டவணையில்தான் மாற்ற வேண்டும். ரிட்டர்ன் தாமதமானால் ஒரு நாளைக்கு 50 ரூபாய், வரி எதுவும் இல்லாத நில் ரிட்டர்னுக்கு 20 ரூபாய், அதற்கும் உச்சவரம்பு உண்டு. "தப்பாகப் போய்விடுமோ" என்று நான்கு நாள் போடாமல் வைத்திருப்பவர், நடக்காத தவறுக்காக 200 ரூபாயைக் கையிலிருந்து கட்டுகிறார்.

இந்தக் குழியில் விழுந்தவர்களில் சின்ன ஆள் பெரிய ஆள் கிடையாது. 2017 ஜூலை முதல் செப்டம்பர் வரை கிரெடிட்டைக் குறைவாகக் காட்டிப் பணமாக அதிகம் கட்டிவிட்டோம், 923 கோடி ரூபாயைத் திருப்பித் தாருங்கள் என்று பாரதி ஏர்டெல் நீதிமன்றம் போனது. அந்தப் பழைய 3பி-களைத் திருத்த முடியாது என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் அபர்டேர் டெக்னாலஜிஸ் வழக்கில் வேறு தொனியில் பேசியது. மனிதர்கள் தவறு செய்வது இயல்பு, வரித்துறையும் செய்கிறது, எழுத்துப் பிழை கூட்டல் பிழைகளைத் திருத்திக்கொள்வது வியாபாரம் செய்யும் உரிமையோடு சேர்ந்து வருவது என்பது அதன் கருத்து. வேலை போகுமா என்பது ஆபீஸைப் பொறுத்தது. ஆனால் ஒரு பில் விட்டுப்போனதற்கு ஆளை அனுப்புகிற ஆபீஸில் ஒரு வருடத்துக்குள் யாருமே மிஞ்ச மாட்டார்கள்.

பணத்தையே தப்பான அக்கவுண்டுக்கு அனுப்பிட்டேன். என்ன பண்றது?

முதல் ஃபோன் வங்கிக்கு, இரண்டாவது ஃபோன் சாருக்கு. நெஃப்ட் 24 மணி நேரமும் அரை மணிக்கு ஒரு தொகுப்பாகப் போகிறது, ஆகவே நிமிடங்களுக்கு மதிப்பு உண்டு. யு.டி.ஆர். எண் (அந்தப் பணப் பரிமாற்றத்தின் அடையாள எண்), தொகை, தேதி, அனுப்ப வேண்டிய கணக்கு எண், அனுப்பிய கணக்கு எண் இவற்றை மெயிலிலும் அனுப்பிவிடுங்கள். பணம் அந்தக் கணக்கில் வரவாகிவிட்டால் அந்த ஆள் சம்மதித்தால்தான் திரும்பும். அவர் பழைய சப்ளையராக இருந்தால் ஒரே ஃபோனில் முடியும், அல்லது அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளலாம்.

இனி இதற்கு அரண் வேண்டும். பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் கணக்கு எண்ணை மட்டும் வைத்து வரவு வைப்பதுதான் வழக்கம். அதனால்தான் அனுப்புமுன் கணக்குதாரர் பெயரைக் காட்டும் வசதியை நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். இரண்டுக்கும் 2025 ஏப்ரல் 1க்குள் கொண்டுவர ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதைப் பயன்படுத்துங்கள். புதிய பார்ட்டிக்கு முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, வந்ததா என்று கேட்டுவிட்டு மீதியை அனுப்புங்கள்.

டேலில எடிட் லாக் வந்ததிலிருந்து, திருத்தினா அதுவும் பதிவாகுதே. பின்னாடி ஆடிட்ல மாட்டிக்குவேனோன்னு இருக்கு.

2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் எடிட் லாக் உள்ள, அதை அணைக்க முடியாத மென்பொருளில்தான் கணக்கு வைக்க வேண்டும். ஆடிட்டர் அதில் தேடுவது நீங்கள் எத்தனை தடவை பிசகினீர்கள் என்பதை அல்ல. மார்ச் 31க்குப் பிறகு பழைய தேதியில் நுழைந்த பெரிய தொகைகள், காரணமில்லாமல் அழிக்கப்பட்ட வவுச்சர்கள், இவைதான் அவர் கண்ணில் உறுத்தும்.

எனவே திருத்துவதற்குக் கூச்சப்பட வேண்டாம், அழிப்பதற்குக் கூச்சப்படுங்கள். பழைய மாதத் தவறை எதிர்ப்பதிவு போட்டுச் சரிசெய்து, நரேஷனில் "ஜூலை 14 வவுச்சர் 88இல் தொகை இடம் மாறியது, திருத்தம்" என்று எழுதுங்கள். ஒரு திருத்தமும் இல்லாத லாக்கைப் பார்த்தால்தான் அனுபவமுள்ள ஆடிட்டருக்குச் சந்தேகமே வரும்.

ரெண்டு பேர் பார்த்தும் தப்பு எப்படிப் போச்சு? அப்ப சரிபார்க்கிறதுக்கே அர்த்தம் இல்லையா?

இரண்டு பேர் என்ன, மூன்று பேர் பார்த்தும் போயிருக்கிறது. 2020 ஆகஸ்டில் சிட்டி பேங்க், ரெவ்லான் கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு ஏறக்குறைய 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப வேண்டியிருந்தது. போனது ஏறக்குறைய 90 கோடி டாலர், அசலும் சேர்ந்து. மென்பொருளில் மூன்று கட்டங்களில் குறிக்க வேண்டிய இடத்தில் ஒன்றில்தான் குறித்திருந்தார்கள். போட்டவர், பார்த்தவர், ஒப்புதல் கொடுத்தவர் மூவருமே அந்த ஒரு கட்டமே போதும் என்று நம்பியவர்கள். ஒரு பகுதிப் பணத்தைத் திருப்பி வாங்க வழக்கு 2022 வரை இழுத்தது.

மூன்றாம் கேள்வியில் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதே திரையை, அதே நம்பிக்கையோடு பார்க்கிற இரண்டாவது ஆள் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். சரிபார்ப்பவருக்கு உங்கள் விடையைக் காட்டாதீர்கள். மூல ஆவணத்தைக் கொடுத்து, "மொத்தம் எவ்வளவு வருகிறது பாருங்கள்" என்று கேளுங்கள். அவர் எண்ணும் உங்கள் எண்ணும் தற்செயலாக ஒத்துப்போவது அபூர்வம். மூத்தவர் பார்ப்பார் என்று நீங்கள் விட்டு, நீங்கள் பார்த்திருப்பீர்கள் என்று மூத்தவர் விடுவதும் அடிக்கடி நடப்பதுதான். யார் எதைப் பார்த்தார் என்று ஒர்க்கிங் பேப்பரில் எழுதினால் அந்த ஓட்டை அடைபடும்.

நான் ஒரே தப்பைத் திரும்பத் திரும்பப் பண்றேன். கவனமா இருக்கணும்னு நினைச்சும் வருது.

"இனிமேல் கவனமாக இருப்பேன்" என்பது திருத்தமே இல்லை. அது அடுத்த தவறு வரைக்கும் தாங்குகிற ஒரு வாக்கியம். 40 பக்க நோட்டு ஒன்றை வாங்கி நான்கு பத்தி போடுங்கள்: தேதி, தவறு, நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், இனி எது மாறும். கடைசிப் பத்தியில் "கவனம்" என்ற சொல்லே வரக்கூடாது. வேலை நடக்கிற முறையில் ஒரு மாற்றம்தான் வர வேண்டும்.

இரண்டு மாதத்தில் நோட்டே பேசும். போன மாத எக்செலைக் காப்பி எடுத்து மேலேயே அடித்ததால் பழைய வரி ஒன்று தங்கிவிட்டது என்றால், இனி தொகை எதுவும் இல்லாத வெற்றுப் படிவம் ஒன்றை வைத்து அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். எக்செலின் வீலுக்அப் ஃபார்முலாவில் கடைசியில் ஃபால்ஸ் போடாமல் விட்டதால் பக்கத்துப் பார்ட்டியின் எண் வந்துவிட்டது என்றால், அந்த ஃபார்முலாவை ஒரு தடவை சரியாக எழுதிப் பூட்டி வைக்கலாம். எண் அடிக்கும்போது ஃபோன் எடுத்ததால் ஒரு வரி விட்டுப்போனது என்றால், ஃபோன் வந்த இடத்தில் ஸ்கேலை வைத்துவிட்டு எடுங்கள். ஜப்பானில் ரயில் ஓட்டுநர்கள் சிக்னலை விரலால் சுட்டி, நிறத்தை வாய்விட்டுச் சொல்வார்கள். பார்ப்பதற்கு வேடிக்கையாக இருக்கும். பேங்க் அப்லோடில் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை அப்படிச் சொல்லிப் பாருங்கள், பக்கத்து சீட்காரர் இரண்டு நாள் சிரிப்பார், அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போயும் அதே நினைப்பு. ராத்திரி மூணு மணிக்கு எழுந்து லேப்டாப்பைத் திறந்து பார்க்கிறேன்.

ஆபீஸை விட்டுக் கிளம்புமுன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். முடிந்தவை, பாதியில் நிற்பவை, உறுத்துகிறவை, மூன்றையும் எழுதுங்கள். உறுத்துகிற ஒவ்வொன்றுக்கும் எதிரே நாளை எத்தனை மணிக்கு, எந்த ஆவணத்தை வைத்துப் பார்ப்பது என்று எழுதுங்கள். மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் லேப்டாப்பைத் திறக்காமல், அந்தத் தாளில் இது இருக்கிறதா என்று மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள். இருந்தால் அதற்கு நேரம் குறித்தாயிற்று. இல்லாவிட்டால் தலைமாட்டில் ஒரு பேனாவும் துண்டுச் சீட்டும் போதும்.

லேப்டாப்பைத் திறந்து பார்த்து நிம்மதியாகத் தூங்கும் ஒவ்வொரு இரவும், அடுத்த இரவும் திறக்கும்படி மனதைப் பழக்குகிறது. முதல் நான்கைந்து இரவுகள் திறக்காமலிருப்பது கஷ்டமாகத்தான் இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு அந்தத் தவிப்பு தானாக அடங்கும்.

எனக்குக் கீழ இருக்கிற பையன் போடறது எனக்குப் பிடிக்கல. நானே திரும்பப் போட்டுடறேன். அதுதானே சீக்கிரம்?

இன்றைக்குச் சீக்கிரம், மார்ச்சில் அல்ல. நீங்கள் சத்தமில்லாமல் திருத்தினால் அவனுக்குத் தவறு நடந்ததே தெரியாது. அடுத்த மாதமும் அதையே போடுவான். திருத்த வேண்டியதை வட்டமிட்டுத் திருப்பிக் கொடுங்கள், தொகை அல்லது வரி மாறுகிற இடங்களை மட்டும். பாணி பிடிக்காத இடங்களில் பேனாவை மூடிவிடுங்கள். "தம்பி, இதுல ஒண்ணு தப்பா இருக்கு, என்னன்னு நீயே கண்டுபிடிச்சுட்டு வா" என்று ஒரு தடவை சொல்லி அனுப்புவது, நீங்கள் பத்து தடவை திருத்துவதற்குச் சமம். அவன் தானாக வந்து தவறைச் சொன்ன அன்று உங்கள் முகம் எப்படி இருந்தது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த தவறு உங்களிடம் வரும்.

இது சுபாவம்னு விட்டுடலாமா, டாக்டரைப் பார்க்கணுமா?

சரிபார்ப்புக்கே ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது, அது தேவையற்றது என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை, ஆபீஸோடு நிற்காமல் வீட்டுப் பூட்டு, கேஸ், குழாய் என்று பரவுகிறது என்றால் சுபாவம் என்று விடாதீர்கள். ஓ.சி.டி.யாக (எண்ணச் சுழற்சி நோயாக) இருக்கலாம், அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. சரிபார்க்கத் தூண்டுகிற நிலையைப் படிப்படியாக எதிர்கொண்டு, சரிபார்க்காமல் இருக்கப் பழக்கும் முறை அது. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. ஞாயிறு மாலையிலேயே வயிறு கலக்குவது, வாரக்கணக்கில் தூக்கமில்லாமை, ஆபீஸ் வாசலில் நெஞ்சு படபடப்பு இவையும் போய்க் காட்ட வேண்டியவைதான்.

மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 கட்டணமில்லாதது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தாலும் அன்றைக்கே அந்த எண்ணைக் கூப்பிடுங்கள், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். ரிட்டர்ன் காத்திருக்கும்.

ரெண்டு வருஷம் முன்னாடி நான் போட்ட ரிட்டர்ன்ல ஒரு தப்பு இப்ப தெரியுது. யாருக்கும் தெரியாது, நோட்டீஸும் வரல. சொல்லணுமா?

சொல்ல வேண்டும். அதற்கான காரணம் மனசாட்சி மட்டுமல்ல, கணக்கும்தான். ஏமாற்றும் நோக்கமில்லாத தவறுக்கு, நோட்டீஸ் வருமுன் வரியையும் வட்டியையும் டி.ஆர்.சி-03 படிவத்தில் தானாகக் கட்டிவிட்டால் அபராதம் கிடையாது. நோட்டீஸ் வந்தபிறகு கதை மாறும், வட்டியும் நாளுக்கு நாள் ஏறும். பழைய மாதங்களின் 2பி-யையும் (சப்ளையர்கள் காட்டிய பில்களின்படி நமக்கு வருகிற கிரெடிட் பட்டியல்) 3பி-யையும் வரி இலாகா கணினியில் ஒப்பிட்டுப் பார்ப்பதால், "யாருக்கும் தெரியாது" என்பது "இன்னும் தெரியாது" என்பதுதான்.

சொல்வதற்கு முன் அரை நாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஏழாம் கேள்வியில் சொன்ன ஐந்து வரிதான் இதற்கும், ஆனால் தொகையில் வட்டியையும் போட்டுக் காட்டுங்கள். அதே தவறு அந்த வருடத்தின் மற்ற மாதங்களிலும் மற்ற பார்ட்டிகளுக்கும் நடந்திருக்கிறதா என்று பார்த்து, சேர்த்தே சொல்லுங்கள். இன்று ஒன்று, அடுத்த வாரம் இன்னொன்று என்று தவணையில் சொன்னால்தான் நம்பிக்கை குலையும். பார்ட்டியிடம் நீங்கள் நேரடியாகப் பேச வேண்டாம். அது உங்கள் ஆடிட்டர் பேச வேண்டிய பேச்சு, வட்டியை யார் ஏற்பது என்ற முடிவும் அவருடையது.